அஞ்சு மணி ஊர்கள்

பதினான்கு வருடம் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கிளைக்குப் போய் நிற்க வேண்டும். காலையில் பெட்டகத்தைத் திறக்கும்போதே பக்கத்தில் இருந்து ரொக்கத்தை எண்ண வேண்டும். அதற்குப் பிறகு நகைக்கடன் பாக்கெட், வவுச்சர், லெட்ஜர் என்று இரவு எட்டு மணி வரைக்கும் தலைதூக்க முடியாது. ஒரு கிளைக்கு ஒரு வாரம், பத்து நாள். முடிந்ததும் அடுத்த ஊர்.

"கொடுத்துவைத்தவள், ஊர் ஊராகப் பார்க்கிறாள்" என்று சொந்தத்தில் பேச்சு. பார்த்தது உண்மைதான். ஆனால் காலை ஐந்து மணியிலிருந்து எட்டரை வரைக்கும் மட்டுமே பார்த்தேன். ஜெய்ப்பூரில் ஒன்பது நாள் இருந்தும் ஜந்தர் மந்தரின் பெரிய சூரியக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. 27 மீட்டர் உயரம், இரண்டு விநாடி வரைக்கும் துல்லியமாக நேரம் காட்டும் என்பார்கள். அதைத் திறப்பதோ ஒன்பது மணிக்கு. நான் ஒன்பதுக்குக் கிளையில் இருந்தாக வேண்டும். ஊருக்கே மணி காட்டுகிற கருவிக்கும் எனக்கும் மணி ஒத்துவரவில்லை.

ஆகவே எனக்குப் பிடித்த ஊர்களில் அந்தி, விளக்கலங்காரம், ராத்திரிக் கடைத்தெரு எதுவும் கிடையாது. அதையெல்லாம் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மதுரைக்காரி. அம்மா பூக்காரி. இரண்டரை மணிக்கு எழுந்து, பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு, ஈரத்துணியும் கூடையுமாகக் கிளம்பிவிடுவாள். இப்போது பூ மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. அப்போது ஊருக்குள்ளேயே இருந்தது. பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் பின்னாலேயே போவேன். கமிஷன் கடை வாசலில் மல்லிகை மொட்டைக் குவித்திருப்பார்கள். அம்மா கை நிறைய அள்ளி, அதில் ஒன்றை மட்டும் எடுத்து விரலிடுக்கில் லேசாக அமுக்கிப் பார்ப்பாள். முந்தின நாள் மொட்டு கலந்திருந்தால் அந்த ஒரு மொட்டிலேயே தெரிந்துவிடும். "இது நேத்துப் பூத்திருக்க வேண்டியதுய்யா, தண்ணி தெளிச்சு ஏமாத்துற" என்பாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த குவியலைக் காட்டுவார். வீட்டுக்கு வந்து வாழைநாரை நனைத்து உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் கை நிற்காது.

கைமுதல் வட்டிக்கு வாங்கியது. காலையில் தொண்ணூறு ரூபாய் கொடுப்பார்கள், இருட்டுவதற்குள் நூறாகத் திருப்பித்தர வேண்டும். மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை எகிறும். அந்த நாட்களில் தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு கை மொட்டுதான் வரும், பத்து ரூபாய் வட்டி மட்டும் மாறாது. வங்கியில் சேர்ந்து வட்டிக் கணக்குப் படித்தபோது அந்தத் தொண்ணூறு ரூபாயைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். வருட வட்டியாக வந்த எண்ணை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

சொல்ல வந்தது, அந்த நேரத்து மதுரையில் பயம் என்று ஒன்று எனக்குத் தெரியாது. இட்லிக்கடை அக்கா அடுப்பு பற்ற வைத்திருப்பாள். கருவேப்பிலைக் கட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆத்தா, வாசல் தெளிக்கிறவள், பால் வாங்கப் போகிறவள் என்று தெருவெல்லாம் பெண்கள். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். தூங்காதவர்கள் யார் யார் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் வேலைக்குப் போன ஊர்களிலும் ஐந்து மணிக்கு நடக்கக் கிளம்பினேன். வடக்கே ஓர் ஊரில், பெயர் வேண்டாம், தங்கியிருந்த விடுதியின் காவலாளி கதவைத் திறக்கவே தயங்கினார். "தனியாவா மேடம்?" என்று மூன்று முறை கேட்டார். நான் கேட்கவில்லை. அகலமான சாலை, நல்ல மரங்கள், ஒரு குருவி இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது. என்னைத் தாண்டிப் போகவில்லை. நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் உருட்டிக்கொண்டே வந்தது. வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது.

திருப்பத்தில் நகராட்சிப் பெண் ஒருத்தி நீளக் கம்புத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டமும் நடையுமாக அவளிடம் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்தாள். வண்டி திரும்பிப் போய்விட்டது. "வெளிச்சம் வர்ற வரைக்கும் என் பக்கத்துலயே நில்லு" என்றாள் இந்தியில். முக்கால் மணி நேரம் அவள் பெருக்கப் பெருக்க நானும் கூடவே நகர்ந்துகொண்டிருந்தேன். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள்.

அதற்கப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு புது ஊருக்குப் போனால் முதல் நாள் விடுதி ஜன்னலிலிருந்து பார்ப்பது: ஐந்து மணிக்குத் தெருவில் பெண்கள் இருக்கிறார்களா, இருந்தால் எந்தப் பக்கம் போகிறார்கள்? மறுநாள் அந்தப் பக்கமே நானும் போவேன். எனக்குப் பிடித்த ஊர்கள் எல்லாம் இப்படிப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தவைதான்.

மும்பையில் கொலாபாவில் தங்க வைத்தார்கள். ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் வெற்றுக் கூடைகளோடு பெண்கள் டாக்சியில் வந்து இறங்குகிறார்கள், நாலு பேர், ஐந்து பேராக. பின்னாலேயே போனால் சசூன் துறை. 1875இல் கட்டிய பழைய கப்பல்துறை. ராத்திரி வந்த படகுகளிலிருந்து மீனைக் கூடை கூடையாகக் கரைக்கு ஏற்றுவது ஆண்கள். கரையில் விலை பேசுவது, வாங்குவது, வைவது, சிரிப்பது பெரும்பாலும் கோலி என்கிற மீனவர் இனத்துப் பெண்கள். ஒன்பது கஜத்தைக் கச்சம் வைத்துக் கட்டி, கொண்டையில் பூ, கழுத்தில் தங்கம். நகைக்கடன் பாக்கெட் எண்ணிப் பழகிய கண் எனக்கு. ஒரு பாட்டியின் கழுத்தில் கிடந்ததைப் பார்த்ததும் மனம் தானாகவே கிராம் போட ஆரம்பித்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொண்டாள் போல. "பாஜூலா!" என்று ஓர் அதட்டல். ஒதுங்கு என்று அர்த்தம். ஒதுங்குவதற்குள் இறால் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் என் செருப்பெல்லாம் ஓடிவிட்டது. அன்றைக்கு முழுவதும் கிளையில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. தணிக்கை அதிகாரியிடம் அப்படியும் ஒரு மரியாதை உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை போனபோது ஏமாந்தேன். ஜூன் கடைசி. நம் கடலில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை. தடைதான் முடிந்துவிட்டதே, துறை நிறைந்திருக்கும் என்று மதுரைப் புத்தியில் போய் நின்றால் ஈ, காக்கை இல்லை. மேற்குக் கடலில் ஜூன் 1இல்தான் தடை தொடங்கும், ஜூலை முடிகிற வரைக்கும் படகு போகாது. மழை நேரம், மீன் குஞ்சு பொரிக்கும் காலம். கட்டிப்போட்ட படகுகளின் நிழலில் மூன்று பேர் வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோலி அம்மாள் மட்டும் கருவாட்டோடு உட்கார்ந்திருந்தாள். "மாவ்ஷி" என்று கூப்பிட்டு வாங்கினேன். மாவ்ஷி என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள், நமக்குச் சித்தியோ பெரியம்மாவோ. அந்தக் கருவாட்டோடு நாற்பது மணி நேரம் ரயிலில் வந்ததைப் பற்றிக் கூட வந்தவர்கள் எழுதினால்தான் நியாயமாக இருக்கும்.

கொல்கத்தாவில் அந்த 'மாவ்ஷி' 'மாஷி' ஆகிறது. அதே உறவு. ஆனால் அந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்ட இடம் வேறு.

முதலில் எல்லாரும் சொல்கிற மல்லிக் காட் பூச்சந்தைக்குத்தான் போனேன். பூக்காரி மகள் போகாமல் இருப்பாளா? ஹௌரா பாலத்தின் கீழே, ஹூக்ளிக் கரையில், செண்டுமல்லி மாலைகளைப் பாம்பு போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கோலாகாட், பான்ஸ்குரா பக்கமிருந்து ராத்திரி ரயிலில் வருகிற பூ. பார்க்க அழகுதான். ஆனால் நான் போன அன்று மாலை விற்றவர்களில் முக்கால்வாசி ஆண்கள். இத்தனை ஆயிரம் மாலையை யார் கோத்தார்கள் என்று கேட்டேன். "வீட்டுல பொம்பளைங்க" என்று கையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீசிக் காட்டினார் ஒருவர். செண்டுமல்லிக்கு மல்லிகை மணமும் கிடையாது. பாலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1943இல் திறந்த பாலம், திருகாணி மரையாணி இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே கட்டியது. அத்தனை பெரிய இரும்புக்கு எமனாக வந்தது வெற்றிலை எச்சில். போகிறவர் வருகிறவர் துப்பித் துப்பித் தூண்களின் அடி அரித்துப்போய், கடைசியில் கண்ணாடியிழைக் கவசம் போட்டு மூடினார்கள்.

என் கொல்கத்தா அங்கே இல்லை. அது தெற்கே தாகுரியா ரயில் நிலையத்தில் இருக்கிறது. தங்கியது லேக் மார்க்கெட் பக்கம்; மூன்று தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிற பகுதி, நல்ல வாழைக்காயும் முருங்கைக்காயும் கிடைக்கும். ஜன்னலிலிருந்து பார்த்தால் கிழக்கேயிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எதிர்த்திசையில் நடந்து போனால் தாகுரியா. கேனிங் லோக்கல் வந்து நிற்கிறது. சுந்தரவனத்துக்கு வாசல் மாதிரி இருக்கிற ஊர் கேனிங், நாற்பது கிலோமீட்டர் இருக்கும். வண்டி முழுவதுமாக நிற்பதற்கு முன்பே குதிக்கிறார்கள். ஒரு பெட்டி காலியாக இருபது விநாடி ஆகியிருக்காது. பிளாட்பாரத்தில் செருப்புச் சத்தம் மட்டும் மழை மாதிரி கேட்கும், அப்புறம் அதுவும் இல்லை. எல்லாரும் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள். பாலிகஞ்ச், ஜாதவ்பூர் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இதே கதைதான்.

ஒருத்தி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். முதல் வீட்டில் ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்களாம், அதுவரைக்கும் இங்கே. எனக்கு வங்காளி வராது, அவளுக்கு இந்தி அரைகுறை. இரண்டு மணிக்கு எழுந்து சோறு வடித்துவைத்துவிட்டு வருகிறாள். மூன்று வீடு. மத்தியானம் அதே வண்டியில் திரும்ப வேண்டும். பொரியை என் பக்கம் நீட்டினாள். பச்சை மிளகாய் கடித்துக்கொண்டு தின்பது அது. மூன்றாம் நாளிலிருந்து நான் மண் குவளையில் டீ வாங்கிக்கொண்டு போனேன். அந்த டீக்கும் அந்தப் பெஞ்சுக்கும் ஆகவே இரண்டு முறை கொல்கத்தா பணியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவளை எல்லா வீட்டிலும் 'மாஷி' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்கச் சொல்வதில் இந்த நாட்டுக்கு ஒரு கூச்சமும் இல்லை. மதுரையில் நாங்கள் 'அக்கா' போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆமதாபாத்துக்கு ஜனவரியில் போனேன். ஐந்து மணிக்கு நடுராத்திரி மாதிரி இருந்தது; அங்கே தை மாதத்தில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன். பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பாட்டி நான் கிளம்பும்போது, "எங்க ஊருக்குப் போற, பாத்துட்டு வா" என்றாள். மதுரையில் பிறந்து, மதுரையைத் தாண்டாதவள். அவள் பாட்டிக்குப் பாட்டியின் முன்னோர் எந்த நூற்றாண்டில் குஜராத்தை விட்டுக் கிளம்பினார்களோ, விஜயநகரம் வழியாக இறங்கி நாயக்கர் காலத்தில் இங்கே நெசவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் விரல் நகம் முழுவதும் சுங்குடி முடிச்சுப் போட்டுத் தேய்ந்திருக்கும். ஆமதாபாத்தில் ராணி நோ ஹஜிரா என்று சுல்தான் வீட்டு ராணிகளின் சமாதியைச் சுற்றி ஒரு துணிச்சந்தை. அங்கே பாந்தணிச் சேலையை உதறி விரித்தபோது அதே புள்ளிகள், அதே சுருக்கம். நூல் முடிச்சைப் பிரிக்காமலேயே விற்கிறார்கள். பிரித்துக் காட்டினால்தான் கையால் கட்டியது என்று நம்புவோம். ஒரு முழம் பிரித்துக் காட்டச் சொன்னேன். டிக் டிக் என்று முடிச்சு தெறிக்கிற சத்தம் பாட்டி வீட்டுத் திண்ணைச் சத்தமேதான். இது மட்டும் ஞாயிற்றுக்கிழமை பகலில் பார்த்தது, ஒப்புக்கொள்கிறேன்.

விடியலில் பார்த்தது அதை ஒட்டிய மாணேக் சௌக். ஒரே சதுக்கம் ஒரு நாளைக்கு மூன்று வேஷம் போடும். பகலில் தங்கம் வெள்ளிக் கடை, ராத்திரி நடுச்சாமம் வரைக்கும் சாப்பாட்டுக் கடை. இரண்டையும் நான் பார்க்கவில்லை. காலையில் காய்கறியும் மாட்டுக்குப் புல்லும். வீதிகளைப் 'போள்' என்கிறார்கள். கோட்டைக்கதவு மாதிரி ஒரு வாசல், உள்ளே மரவேலைப்பாடு செய்த வீடுகள், நடுவில் தூணின் மேல் பறவைகளுக்குத் தானியம் வைக்கிற மாடம். 2017இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்று அறிவித்தபோது இந்தியாவில் அந்தப் பெயர் வாங்கிய முதல் ஊர் இதுதான். போளிலிருந்து வெளியே வந்தால் வெந்தயக்கீரையும் பச்சைப் பூண்டும் மணக்கிற தரையில் வரிசையாகப் பெண்கள்.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கு உண்டு. பாட்டி காலத்திலிருந்து உட்கார்ந்து விற்ற இடத்திலிருந்து போலீஸ் விரட்டியபோது, இந்தக் காய்க்காரிகள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார்கள். பின்னால் நின்றது 'சேவா', சொந்தமாகத் தொழில் செய்கிற பெண்களுக்காக 1972இல் இலா பட் தொடங்கிய சங்கம். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1974இல், நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கியே ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று கேட்டவர்களுக்கு, கையெழுத்துக்குப் பதிலாகப் போட்டோ ஒட்டிப் பதில் சொன்னார்கள். என் தணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கீரை வாங்குகிற சாக்கில் ஒரு பென்னிடம் பேச்சுக் கொடுத்தேன். பென் என்றால் அக்கா தங்கை. அந்த ஊரில் இலா பட்டும் 'இலா பென்', கீரைக்காரியும் பென், நானும் பென். கைமுதல் எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டேன். பாஸ்புக்கைக் காட்டினாள். அவள் மாமியார் காலத்தில் எப்படி என்று கேட்டதற்கு, காலையில் ஐம்பது வாங்கினால் ராத்திரி ஐம்பத்தைந்து என்றாள்.

ஐம்பதுக்கு ஐந்து. தொண்ணூறுக்குப் பத்து. அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். ஆமதாபாத் வட்டி மதுரை வட்டியைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான். அன்றைக்குக் கிளையில் ஒரு சிறு கடன் கணக்கில் தவணை தவறிய பெண்ணைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். எழுதாமல் விட்டேன் என்று கதை விட மனமில்லை.

மணிப்பூரின் இம்பால் கடைசியாக வந்தது, 2018 மே மாதம். அலாரம் வைத்து நாலே முக்காலுக்கு எழுந்தால் வெயில் அடிக்கிறது! நாட்டுக்கு ஒரே கடிகாரம். மிர்சாப்பூர் பக்கம் போகிற தீர்க்கரேகையை வைத்து மணி. ஆமதாபாத்துக்கும் இம்பாலுக்கும் சூரியக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், வங்கி திறப்பது மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாக. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் இதற்கு அடங்காமல் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி 'பாகான் டைம்' என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். என் ஐந்து மணிக் கணக்கு அங்கே செல்லாமல் போய்விட்டது. நான் தெருவுக்கு வந்தபோது ஊர் எழுந்து ஒரு சுற்று வேலையை முடித்திருந்தது.

இமா கெய்தெல். இமா என்றால் அம்மா, கெய்தெல் என்றால் சந்தை. மொழிபெயர்க்கவே தேவையில்லாத மாதிரி காதில் விழுந்தது. நகரின் நடுவில் பெரிய பெரிய கூடங்கள். உள்ளே சில ஆயிரம் பேர், விற்கிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கட்டிக்கொடுத்த பெண்களுக்குத்தான் இடம். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு என்று கைமாறும். லோக்தாக் ஏரி மீன், தாமரைத் தண்டு, பேர் கேட்டாலே உதடு எரிகிற உமோரோக் மிளகாய், கறுப்பு அரிசி. ஒவ்வொருத்தியும் மேடைமேல் சம்மணமிட்டு, சாமான்களுக்கு நடுவில் கொலு வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். மூக்கு நுனியிலிருந்து நெற்றிக்குச் சந்தனக் கோடு. நடைபாதை தாழ்வு, அவர்கள் உயரம். வாங்குகிறவர்கள்தான் அண்ணாந்து பேச வேண்டும். அம்மா நாற்பது வருடம் கோயில் வாசலில் தரையில் உட்கார்ந்து, நின்றவர்களை அண்ணாந்து பார்த்துப் பூ விற்றாள். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இவர்களோடு விளையாடக் கூடாது. 1904இல் வெள்ளைக்காரன் வீடு கட்ட ஊர் ஆண்களைச் சம்பளமில்லாத வேலைக்கு இழுத்தபோது தெருவுக்கு வந்தவர்கள் இந்தச் சந்தைப் பெண்கள். 1939இல் ஊர் பட்டினி கிடக்க, வியாபாரிகள் அரிசியை வெளியே அனுப்பியபோது மறுபடியும் வந்தார்கள். அப்போது சந்தைக்கே பல மாதம் வராமல் புறக்கணித்தார்கள். 'நுபி லான்', பெண்களின் போர் என்று அதற்குப் பெயர். டிசம்பர் 12ஐ இன்றும் நினைவுநாளாக வைத்திருக்கிறார்கள்.

மீன்கடை இமா ஒருத்தியின் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. பெயர், கோடு, தொகை. நோட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே எனக்கு. என்ன என்று சைகையில் கேட்டேன். "மருப்" என்றாள். பக்கத்துக் கடைப் பெண் இந்தியில் விளக்கினாள்: இத்தனை பேர் மாதாமாதம் போடுவது, ஒவ்வொரு மாதமும் ஒருத்தி எடுப்பது. அட, நம் சீட்டு! நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய் இடிக்கவில்லை. பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு கணக்கைப் பார்த்தது குறைவு. "சரியா இருக்கா?" என்று கேட்டாள், தலையாட்டினேன். மீனுக்குக் காசு கொடுத்தபோது மட்டும் ஒரு பைசா குறைக்கவில்லை.

கிளையில் ஒருவர், "மோரேக்குப் போங்க மேடம், உங்க ஆளுங்க கோயில் கட்டியிருக்காங்க" என்றார். பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் எல்லையில் தங்கிக் கட்டிய அங்காள பரமேஸ்வரி. 110 கிலோமீட்டர், அடுத்த முறை என்று விட்டுவிட்டேன். 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தேயி, குக்கி மக்களுக்கு நடுவில் கலவரம் மூண்ட பிறகு, அந்த ஊர்ச் செய்தி வரும்போதெல்லாம் அந்த நோட்டு ஞாபகம் வரும். அந்தச் சீட்டில் யார் யார் பெயர் எல்லாம் இருந்தது, இப்போது யார் பக்கத்தில் யார் உட்கார முடிகிறது என்று.

மற்ற ஊர்கள் சுருக்கமாக. ஹைதராபாத் காலை நேரத்தில் தேவலோகம்தான். 1591இல் கட்டிய சார்மினாரைச் சுற்றிப் புறா மட்டும் இருக்கும். ஆனால் ஈரானி ஓட்டல் உள்ளே அந்த நேரத்தில் ஒரு பெண்கூட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. வெளியே நின்றுதான் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் தோய்த்தேன். காசியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கேதார் காட்டில் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த படிக்கட்டில் தமிழ்ப் பாட்டிகள் முழுக்குப் போடுவதும், குளிர்காலத்தில் பனியில் வைத்துக் கடைந்த பால்நுரையை மண் கிண்ணத்தில் குங்குமப்பூ தூவித் தருகிற 'மலையோ'வும் எனக்குப் போதும். வாயில் வைத்ததும் இல்லை, காசு மட்டும் போயிருக்கும்.

ரிடையர் ஆன பிறகு, 2022இல், அம்மாவை மைசூருக்குக் கூட்டிப் போனேன். எழுபத்தெட்டு வயது அவளுக்கு. இந்த ஊர்க்கதையெல்லாம் சொன்னபோது, "விடியாம எந்திரிச்சு ரோட்ல திரியிறதுக்காடி சம்பளம் குடுத்தாய்ங்க?" என்று கேட்டவள். முதல் நாள் ராத்திரி படுக்கும்போது, "இங்க எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?" என்றாள்.

"எந்திரிக்கவே வேணாம்மா."

நான் வழக்கம்போல ஐந்து மணிக்குச் சாமுண்டி மலையடிவாரத்தில் இருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் படி. பெண்கள் குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறார்கள், வேண்டுதல். பாதிக்கு மேலே 1659இல் செதுக்கிய நந்தி, கறுப்பாகப் பனியில் நனைந்து உட்கார்ந்திருந்தது. இறங்கி வந்து தேவராஜா மார்க்கெட்டில் மைசூர் மல்லியைப் பார்த்தேன். நம் மல்லியைவிட மென்மை, சீக்கிரம் வாடும் என்று தோன்றியது. எட்டரைக்கு அறைக்கு வந்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை. கட்டிலின் நடுவில், காலை அகட்டி, ஒரு கையைத் தலையணைக்கு வெளியே போட்டுக்கொண்டு தூங்கினாள். அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. வீட்டில் எப்போதும் சுவரோரம்தான்.

சத்தம் கேட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "எங்க போயிட்டு வர்ற?"

"பூ மார்க்கெட்டுக்கு."

"மல்லி என்ன வெல?"

"கேக்கலம்மா."

"பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வெல கேக்காம வந்தவள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று போர்வையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். ஒன்பதே காலுக்குக் காபி கொண்டுவந்த பையனை வாசலிலேயே நிறுத்தி, சத்தம் வராமல் தட்டை நானே வாங்கிக்கொண்டேன்.